புத்தூர் பனங்கட்டியும் ஒரு பெட்டி சாக்லேட்டும்



புத்தூர் என்றதும் உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் ஊர் நினைவுக்கு வரும். திருச்சிக்காரர்களுக்கு உறையூரை ஒட்டிய புத்தூர். சென்னைக்காரர்களுக்கு, கை கால் முறிந்தால் கட்டுப் போட ஓடுகிறார்களே, அந்த ஆந்திரப் புத்தூர். நான் சொல்லப் போவது கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருக்கும் புத்தூரை. அங்கே நான் தங்கியது ஐந்தே நாட்கள். கொண்டுபோனது ஒரு பெட்டி சாக்லேட். கொண்டுவந்தது பதினைந்து குட்டான் பனங்கட்டி. இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று பல நாளாக நினைத்துக் கொண்டிருந்தேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் உடன்குடி. கருப்பட்டிக்குப் பேர் போன ஊர் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமா? 2023 இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. என் வாப்பாவுக்குக் கருப்பட்டி மண்டி. 1990 இல் இலங்கையில் சண்டை மூண்டு அகதிகள் ராமேஸ்வரம் வந்து இறங்கிய காலத்தில், எங்கள் மாவட்டத்து முகாம் ஒன்றுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் புத்தூர்க் குடும்பம் ஒன்றும் இருந்தது. அந்த வீட்டு அக்கா எங்கள் கடைக்குக் கருப்பட்டி வாங்க வருவார். வந்தவர் சும்மா வாங்கிக்கொண்டு போவாரா? "நல்லாத்தான் இருக்கு. எண்டாலும் எங்கட புத்தூர்ப் பனங்கட்டி மாதிரி வராது" என்று ஒரு சொல் சொல்லாமல் போக மாட்டார். வாப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். எனக்கோ சிரிப்பு வரும். அப்படித் தொடங்கிய பழக்கம், அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் தொலைபேசியில் தொடர்ந்தது. "ஒருக்கா வந்து திண்டு பார்த்திட்டுச் சொல்லும் தங்கச்சி" என்று எத்தனை முறை அழைத்திருப்பார்!

போன நோன்புப் பெருநாள் முடிந்ததும் புறப்பட்டுவிட்டோம், நானும் என் கணவரும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கினார்கள். ஏறக்குறைய நாலு மணி நேரப் பிரயாணம். நம் கரையில் காலையில் ஏறியவர்கள் நடுப்பகலில் அந்தக் கரையில் இறங்கிவிடலாம். கடல் கொஞ்சம் ஆட்டியது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு ஓதியபடியே வந்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

காங்கேசன்துறையிலிருந்து தெல்லிப்பழை, சுன்னாகம் என்று வந்து கிழக்கே திரும்பினால் புத்தூர். யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் பருத்தித்துறை வீதியில் கோப்பாய், நீர்வேலி தாண்டி வர வேண்டும். நிலம் செக்கச் செவேலென்று, குங்குமத்தைக் கொட்டி வைத்த மாதிரி. வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி என்று ஒரு சாண் இடம் வீணாகவில்லை. வயல்களைச் சுற்றிக் கிளுவை வேலி. ஊரின் கிழக்கே வாதரவத்தைப் பக்கம் போகப் போகச் செம்மண் மறைந்து மண் வெளுத்துவிடுகிறது. நீரேரிக் காற்று உப்பாக வீசுகிறது. அங்கேதான் பனைகள். எங்கள் ஊர்ப் பனங்காட்டைப் பார்த்த மாதிரியே இருந்தது எனக்கு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறே இல்லாத நாடு அது. எல்லாம் கிணற்று நீர். அந்தக் கிணற்றின் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

அக்கா வீட்டில் அவருடைய மகள் வயிற்றுப் பேத்தியும் விடுமுறைக்கு வந்திருந்தாள். லண்டனில் பிறந்து வளர்ந்தவள். பதினாறு வயது. தமிழ் நன்றாகப் பேசினாள். ஆனால் யோசித்து யோசித்துப் பேசினாள். நான் கொண்டுபோன சாக்லேட் பெட்டியை அவளிடம் கொடுத்தேன். துபாயிலிருந்து என் மருமகன் பெருநாளைக்குக் கொண்டுவந்த பெட்டி. பெரிய கம்பெனியின் பெயர், தங்கத் தாள் சுற்றியது. உங்களைப் போலத்தான் நானும், பெட்டியைத் திருப்பி ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்த்துத்தான் எடுத்து வைத்திருந்தேன். ஜெலட்டின் இருக்கிறதா? உள்ளே மது கலந்த பாகு இருக்கிறதா? எண் போட்ட சேர்மானங்கள் எவை? ஹலால் முத்திரை உண்டா? எல்லாம் சரியாக இருந்தது.

அந்தப் பெண்ணும் பெட்டியைத் திருப்பினாள். சிறிது நேரம் படித்தாள். பிறகு தயக்கத்தோடு கேட்டாள்: "அன்ரி, இதிலை எங்க விளைஞ்ச கொக்கோ எண்டு போடேல்லையே?"

எனக்கு விளங்கவில்லை. அது எதற்கு என்று கேட்டேன். அவள் உள்ளே போய்த் தன் பையிலிருந்து ஒரு சாக்லேட் கட்டியை எடுத்து வந்து காட்டினாள். அதில் நீலமும் பச்சையுமாய்க் கறுப்பில் ஒரு சின்ன முத்திரை, கையை உயர்த்தி நிற்கும் மனிதன் மாதிரி. அதுதான் 'ஃபேர்டிரேட்' என்னும் நியாய வணிக முத்திரையாம். விளைவித்தவனுக்கு இவ்வளவுக்குக் குறையாத விலை கொடுத்து வாங்கியது என்பதற்கு அடையாளம். அவள் பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றிப் பாடமே நடத்தினார்களாம். மரியாதைக்கு என் பெட்டியிலிருந்தும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள், பாவம். ஆனால் எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைக்கு இனிப்புக் கொடுத்தால் கணக்குக் கேட்கிறாளே என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன். அன்று இரவு அவள் சொன்னவற்றைக் கேட்டேன். ஊர் திரும்பிய பிறகும் தேடிப் படித்தேன்.

கொக்கோ என்பது மரத்தின் தண்டிலேயே ஒட்டிக் காய்க்கும் காய். உடைத்தால் வெள்ளைச் சதைக்குள் முப்பது நாற்பது விதை இருக்கும். அதை வாழை இலை போட்டு மூடி ஐந்தாறு நாள் புளிக்க வைத்து, வெயிலில் உலர்த்தி, மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். உலகத்துக் கொக்கோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளில் விளைகிறது. பெரிய எஸ்டேட்டுகள் அல்ல, சகோதரிகளே! நம் ஊர் மாதிரிச் சில ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள். ஒரு சாக்லேட் நூறு ரூபாய்க்கு விற்றால் அந்தக் குடும்பத்துக்குப் போவது ஆறேழு ரூபாய் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் காசில் கூலிக்கு ஆள் வைக்க முடியாது. பிள்ளைகள்தான் ஆள். 2018-19 இல் அந்த இரு நாட்டுக் கொக்கோத் தோட்டங்களில் ஏறத்தாழ 15 லட்சத்து 60 ஆயிரம் சிறுவர் சிறுமியர் வேலை செய்ததாகச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் 2020 இல் அறிக்கை தந்தது. வெட்டுக்கத்தியால் காய் உடைப்பது, தூக்க முடியாத சுமை தூக்குவது, மருந்து அடிப்பது. பெரிய கம்பெனிகள் எல்லாம் கூடி 2001 இலேயே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இதில் மிக மோசமானவற்றை 2005க்குள் ஒழித்துவிடுவோம் என்றன. கெடு தள்ளிப் போனது, மறுபடியும் தள்ளிப் போனது.

ஐவரி கோஸ்டின் தோட்டங்களில் உழைப்பவர்களில் மாலி, புர்கினா பாசோ நாடுகளிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் ஏராளம். அவர்களில் முஸ்லிம்கள் நிறையப் பேர். அங்கே மூட்டை சுமக்கும் பிள்ளைக்கு மூஸா என்றோ ஆமினா என்றோ பெயர் இருக்கலாம். நம்முடைய பெயர் இருந்தால்தான் மனம் இரங்க வேண்டும் என்றில்லைதான். ஆனாலும் பெருநாளன்று நான் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துக் கொடுத்த தங்கத் தாள் சாக்லேட்டை நினைத்தபோது அந்தப் பெயர்கள்தான் என் காதில் ஒலித்தன.

மறுநாள் காலை நடந்ததுதான் முக்கியம்.

வாதரவத்தைப் பக்கமிருந்து ஓர் ஆச்சி தலையில் கடகம் வைத்துக்கொண்டு பனங்கட்டி விற்க வந்தார். நாம் கருப்பட்டியைச் சிரட்டையில் ஊற்றி எடுப்போம் அல்லவா? அங்கே பனையோலையில் கிண்ணம் மாதிரிச் சின்னதாக ஒரு பெட்டி பின்னி, அதில் ஊற்றி ஆற விடுகிறார்கள். அதற்குப் பெயர் குட்டான். ஒரு குட்டானைப் பிட்டு வாயில் போட்டேன். அல்ஹம்துலில்லாஹ்! அக்கா இத்தனை வருஷம் சொன்னது வீண் பேச்சில்லை. புகை வாசம் லேசாக, உப்பு ஒரு துளி பின்னால் வந்து நிற்கிற இனிப்பு. சீனி கலந்த கருப்பட்டியை நாக்கில் வைத்த உடனே சொல்லிவிடுவேன் நான். இதில் கலப்படம் இல்லை.

பதினைந்து குட்டான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டு, மண்டிக்காரர் மகள் என்ன செய்வாளோ அதைச் செய்தேன். "மொத்தமாக வாங்குகிறேனே ஆச்சி, குறைத்துக் கொடுங்கள்."

"குறைக்கேலாது பிள்ளை. விறகுக் காசுக்கும் காணாது."

நான் விடவில்லை. பத்தை வைத்துவிட்டு ஐந்தை எடுத்தேன். எழுந்து போவது போல் பாவனை செய்தேன். கடைசியில் குட்டானுக்கு இருபது ரூபாய் குறைத்தார் ஆச்சி. மொத்தம் முந்நூறு. இலங்கைக் காசு அது. நம் பணத்தில் நூறு ரூபாய்கூட வராது. எனக்கு ஒரே சந்தோஷம்! நிமிர்ந்து பார்த்தால் அந்த லண்டன் பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்கு அடுத்த நாள் காலை அக்கா, "வாரும் தங்கச்சி, ஒரு நடை போட்டு வருவம்" என்று கூட்டிக்கொண்டு போனார். போய் நின்ற இடம் அந்த ஆச்சியின் கொட்டில்! எங்கள் ஊர் விடிலியேதான். ஆச்சியின் மகன் விடியற்காலையிலேயே மரமேறி இறக்கி வைத்திருந்தார். காலில் தளைநார், இடுப்பில் பாளைக் கத்தி, நெஞ்சு முழுக்கப் பனை உரசிய காய்ப்பு. ஒவ்வொரு மரத்துக்கும் காலையும் மாலையும் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். காய்ச்சலென்றாலும் ஏறத்தான் வேண்டும். தவறி விழுந்தவர்களின் கதை ஊருக்கு ஊர் இருக்கிறது.

நாம் பதநீர் என்பதை அங்கே கருப்பணி என்கிறார்கள். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் கருப்பணி. தடவாமல் கட்டினால் கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே மனிதர். நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு! ஒரு கிலோ பனங்கட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் கருப்பணி வேண்டும். அதை இறக்குவது ஆண் வேலை. வடிகட்டி, தாச்சியில் ஊற்றி, மணிக்கணக்கில் அடுப்பெரித்து, பொங்காமல் துழாவி, பதம் பார்த்து இறக்கி, குட்டானில் வார்ப்பது பெண் வேலை. குட்டான் பின்னுவதும் பெண் வேலை. ஆச்சியின் கண்கள் புகையில் சிவந்து கிடந்தன. உள்ளங்கையில் சத்தகம் கீறிய கோடுகள். அந்த வேலைக்குத் தனியாகக் கூலி என்று யாரும் கணக்குப் போடுவதில்லை.

கள் என்றால் இந்த வேலை எதுவும் கிடையாது. இறக்கியதைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டுக் காசு வாங்கிக்கொள்ளலாம். நம் தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. அங்கே அப்படியில்லை. 1970களிலிருந்து சீவல் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. வடமராட்சியில் திக்கம் என்ற இடத்தில் சாராய வடிசாலை ஒன்றும் உண்டு. அந்தச் சங்கங்கள் தொழிலாளிகளைத் தவறணைக் குத்தகைக்காரர்களின் பிடியிலிருந்து விடுவித்தன என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இதையும் யோசியுங்கள். கள் கூடாது, கருப்பணிதான் நல்லது என்று சொல்லும் நாமே, பனங்கட்டி வாங்கும்போது குட்டானுக்கு இருபது ரூபாய் அடித்துப் பேசினால், அந்த மனிதர் நாளைக்கு முட்டியில் சுண்ணாம்பு தடவுவாரா? ஆச்சியிடம் கேட்டேன். "அவன் தடவுறான் பிள்ளை. நான் இருக்குமட்டும் தடவுவான்" என்றார்.

கிளம்பும்போது அக்கா ஆச்சியின் கையில் எதையோ மடித்து வைத்தார். ஆச்சி வேண்டாம் என்று மறுத்தார். "நேற்றுச் சில்லறை இல்லாமல் நிண்டது அம்மா, இந்தாங்கோ" என்றார் அக்கா. மூன்று நூறு ரூபாய்த் தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வீடு வரும்வரை அக்கா வெங்காய விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வாப்பாவின் சிவப்பு அட்டைப் பேரேடு கண்முன் வந்து நின்றது. சிறு வயதில் அதில் கூட்டல் போட்டுப் பார்ப்பது எனக்கு விளையாட்டு. வாப்பா நேர்மையானவர். தராசுத் தட்டு ஒரு நூல் இறங்கினாலும் மறுபடி நிறுப்பார். கருப்பட்டியில் சீனி கலந்தவனை வாசலில் ஏற விடமாட்டார். வட்டி என்ற சொல்லே எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் மாசி மாதத்தில், பருவம் தொடங்கு முன், பனையேறிகள் வீட்டில் அரிசி இருக்காது. அப்போது மண்டியில் முன்பணம் வாங்குவார்கள். கல்யாணம், காய்ச்சல், பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாவற்றுக்கும் அந்தப் பணம்தான். வாங்கியவர்கள் அந்தப் பருவத்துக் கருப்பட்டியை எங்களுக்கே போட வேண்டும். விலை? மாசியில் பேசிய விலை. ஆடியில் சந்தையில் கருப்பட்டி எந்த உயரத்துக்குப் போனாலும் அவர்களுக்கு அதே விலை. பிறகு கணக்கு நேராகாமல் போகும். அடுத்த மாசியில் மறுபடி முன்பணம். எங்கள் மண்டி மட்டும் அல்ல, அந்த வட்டாரத்து மண்டிகள் அநேகம் அப்படித்தான் நடந்தன. அது தப்பென்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்தப் பணத்தில்தான் நான் படித்தேன். என் காதில் கிடக்கிற அல்லுக்குத்தும் அதில் வந்ததுதான். தராசு சரியாகத்தான் இருந்தது, சகோதரிகளே. ஆனால் தராசை வெளியே எடுப்பதற்கு ஐந்து மாதம் முன்பே விலை முடிந்துபோயிருந்தது.

கொக்கோவின் கதையைப் படித்தபோது எனக்கு இது எதுவும் புதிதாகத் தெரியாததற்குக் காரணம் அதுதான். 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கொக்கோ விலை டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. வரலாறு காணாத விலை. அந்தப் பருவத்தில் ஐவரி கோஸ்ட் விவசாயிக்கு அரசு முன்கூட்டியே நிர்ணயித்த விலை கிலோவுக்கு 1,800 பிராங்க், அதாவது மூன்று டாலர் அளவு. டன்னுக்கு 3,000! மாசி விலையும் ஆடி விலையும் என் கண்ணுக்குத் தெரிந்தன.

நியாய வணிகம் என்பது 1988 இல் ஹாலந்து நாட்டில், மெக்சிகோ மலைவாசிகளின் காப்பிக் கொட்டைக்கு முத்திரை குத்தியதில் தொடங்கியது. 1994 இல் இங்கிலாந்தில் முதன்முதலாக அந்த முத்திரை பெற்ற பொருள் ஒரு சாக்லேட். பெலீஸ் நாட்டு மாயா இன விவசாயிகளின் கொக்கோவில் செய்தது. முறை இதுதான்: விவசாயிகள் சங்கமாகச் சேர வேண்டும். சந்தை எவ்வளவு விழுந்தாலும் குறைந்தபட்ச விலை ஒன்று உண்டு. 2019 இல் அதை டன்னுக்கு 2,400 டாலராக வைத்தார்கள். அதற்கு மேல் டன்னுக்கு 240 டாலர் ஊர் நன்மைக்காகத் தனியே சங்கத்துக்குப் போகும் என்றும் அப்போது வைத்தார்கள். கிணறோ, பள்ளிக்கூடமோ, மருந்தகமோ, அவர்களே கூடித் தீர்மானிக்கலாம்.

கானாவில் 1993 இல் தொடங்கிய 'குவாப்பா கோக்கூ' என்ற விவசாயிகள் சங்கம் என்னை மிகவும் கவர்ந்தது. நல்ல கொக்கோ விவசாயி என்று அந்தப் பெயருக்கு அர்த்தமாம். கொள்முதல் ஆட்கள் தராசில் ஏமாற்றுவது அங்கே பெரிய தொல்லையாக இருந்தது. எனவே ஒவ்வோர் ஊரும் தன் நிறுவைக்காரரைத் தானே தேர்ந்தெடுக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். 1998 இல் லண்டனில் 'டிவைன்' என்ற சாக்லேட் கம்பெனி தொடங்கியபோது இந்தச் சங்கம் அதில் பங்குதாரராகவே சேர்ந்தது. விதை விற்றவன் கட்டியிலும் பங்கு கேட்டான், பாருங்கள்!

முத்திரை இருந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. சங்கத்தார் தங்கள் விளைச்சல் முழுவதையும் அந்த விலைக்கு விற்க முடிவதில்லை. வாங்க ஆள் இருக்கும் அளவுக்குத்தான். முத்திரை குத்திய கட்டியில் இருப்பது அந்த விவசாயியின் கொக்கோவேதானா என்றால் அதுவும் நிச்சயமில்லை. ஆலையில் மற்ற கொக்கோவோடு கலந்துவிட்டு, வாங்கிய அளவுக்குக் கணக்கு வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது. அந்தக் குறைந்தபட்ச விலையில் ஒரு குடும்பம் வசதியாக வாழ்ந்துவிடும் என்றும் இல்லை. முத்திரை இல்லாததைவிட மேல், அவ்வளவுதான். நம் ஊர்க் கடைகளில் அந்த முத்திரை போட்ட சாக்லேட்டைப் பார்ப்பதும் அரிது. பார்த்தாலும் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவோம்.

அப்படியானால் நாம் என்ன செய்வது? இதற்குப் பதில் இன்னொரு புத்தூரில் இருக்கிறது. என் கணவர் மங்களூரில் கடை வைத்திருந்த காலத்தில் நான் பார்த்த ஊர் அது. மங்களூருக்குக் கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் தூரம், பாக்குத் தோப்புகளுக்கு நடுவே. 1970களில் பாக்கு மரத்தடியில் கொக்கோ போடச் சொல்லி விவசாயிகளை ஊக்கினார்கள். போட்டார்கள். 1980 வாக்கில் உலக விலை விழுந்ததும், அதுவரை வாங்கிக்கொண்டிருந்த தனியார் கொள்முதல் நின்றது. காய் மரத்திலேயே காய்ந்தது. கர்நாடகம், கேரளம் இரண்டையும் சேர்ந்த பாக்கு விவசாயிகள் 1973 இல் தொடங்கிய 'கேம்ப்கோ' என்ற கூட்டுறவுச் சங்கம்தான் அப்போது கை கொடுத்தது. கொக்கோவை வாங்கியது. வெளிநாட்டுக்கு அனுப்ப வழி பார்த்தது. கடைசியில் 1986 இல் அந்தப் புத்தூரில் தானே ஒரு சாக்லேட் ஆலை கட்டியது. பேருந்தில் அந்த வழியே போனால் வாசனை வரும். ஜன்னல் ஓரம் உட்கார என் பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அப்போது எனக்கு அது ஒரு சாக்லேட் ஆலை, அவ்வளவுதான். விவசாயிகளே நடத்தும் ஆலை என்பதன் பொருள் இந்தப் புத்தூருக்கு வந்த பிறகுதான் விளங்கியது. கேம்ப்கோ சாக்லேட் நம் பக்கத்துக் கடைகளிலும் கிடைக்கிறது. தங்கத் தாள் இல்லை. சபையில் வைத்தால் மதிப்பாக இருக்காது என்று நம் பெண்கள் நினைப்பார்கள். நானும் நினைத்தவள்தான்.

கிணற்றுக் கதை சொல்கிறேன் என்றேனே. புத்தூரை ஒட்டி நவக்கிரியில் நிலாவரை என்று ஒரு பெரிய கிணறு. கிணறு என்பதைவிடச் சுண்ணாம்புப் பாறையில் விழுந்த பள்ளம் என்று சொல்லலாம். படி இறங்கிப் போனால் நீலமும் பச்சையுமாய் அசையாத தண்ணீர். அடி காண முடியாது என்று ஊரார் சொல்வார்கள். மேலே நல்ல தண்ணீர். ஆழத்தில் போகப் போக உப்பு. குடாநாட்டின் நிலத்தடி நீர் முழுவதும் அப்படித்தானாம். மழைநீர் பாறை இடுக்குகளில் தங்கி, கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அதனால் மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும். அக்காவின் கணவர் தன் தோட்டத்துக் கிணற்றில் மோட்டாரை இத்தனை மணிக்கு மேல் ஓட விடுவதில்லை. பக்கத்துத் தோட்டக்காரரும் அதே கிணற்றுக்குப் பங்காளி. பேத்தி அதைக் கேட்டுவிட்டுத் தன் கைப்பேசியில் எதையோ குறித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக யாழ்ப்பாணப் பட்டணத்தில் சோனகத்தெருவுக்குப் போனோம். 1990 அக்டோபர் 30 இல் விடுதலைப் புலிகளின் உத்தரவால் சில மணி நேரத்துக்குள் அத்தனை பேரும் வெளியேற வேண்டியிருந்த தெரு அது. திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். கூரை இல்லாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வருஷத்துக்கு முன்பெல்லாம் அந்தத் தெருவிலிருந்து ஒரு காக்கா சைக்கிளில் புத்தூர் வரை வருவாராம். துணியும் சாமானும் கொடுத்துவிட்டுப் பனங்கட்டி வாங்கிப் போவாராம். "கணக்கெல்லாம் தலைக்குள்ளதான். ஒரு சதம் பிழைக்காது" என்றார் அக்கா. அவர் எங்கே போனாரோ, யாருக்கும் தெரியவில்லை.

ஊர் வந்து சேர்ந்த பிறகு நான் செய்கிறவற்றைச் சொல்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. பெட்டியைத் திருப்பிச் சேர்மானம் படிக்கும் பழக்கம் நமக்கு இருக்கவே இருக்கிறது. ஜெலட்டினைத் தேடும் கண்ணால் இன்னும் ஒரு வரி கீழே பார்த்து, கொக்கோ எங்கே விளைந்தது, யார் செய்தது என்றும் தேடுகிறேன். பெரும்பாலும் இருப்பதில்லை. இருக்கிறதை எடுக்கிறேன். மருமகனிடம் அடுத்த முறை அந்த முத்திரை போட்டது துபாயில் கிடைத்தால் அதில் பாதி அளவு கொண்டுவந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். பேரப்பிள்ளைகளுக்குத் தினம் ஒரு சாக்லேட் என்றிருந்ததை வெள்ளிக்கிழமைக்கு என்று ஆக்கியிருக்கிறேன். மற்ற நாளில் தேங்காய்ச் சில்லும் கருப்பட்டியும். முதல் வாரம் வீட்டில் பெரிய ரகளை! இப்போது சின்னவன் தானே டப்பாவைத் திறக்கிறான். வாசலுக்கு வரும் கருப்பட்டிக்காரியிடம் பேரம் பேசுவதை விட்டுவிட்டேன். நாக்கு நுனிவரை வரும். கஷ்டப்பட்டு விழுங்கிக்கொள்கிறேன்.

மண்டியை இப்போது நடத்துவது என் தம்பி. கொண்டுவந்த பனங்கட்டியில் இரண்டு குட்டானைக் கொடுத்துவிட்டு, "முன்பணம் வாங்குகிறவர்களுக்கு ஆடி விலையைப் பார்த்துக் கணக்கை நேர் செய்தால் என்ன?" என்று கேட்டேன். "லாத்தா, பக்கத்து மண்டிக்காரன் சிரிப்பான்" என்றான். வாப்பாவின் பேரேடுகளில் ஒன்றை எடுத்து வரச் சொல்லி, ஒரு பக்கத்தைத் திறந்து அவன் முன் வைத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இதில் பாதிப் பேர் இப்போது மரமே ஏறுவதில்லை. பிள்ளைகள் எல்லாம் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள்" என்றான். போனவர்கள் ஏன் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. பனங்கட்டியை ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம ஊர்ச் சரக்கு மாதிரி வராது" என்றான், வாப்பாவின் அதே குரலில். மாசிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.